கணினியில் இயற்பியல் கணக்குகளைத் தீர்க்கக் கற்பது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

முதுநிலை இயற்பியல் தேர்வில், வகைக்கெழுச் சமன்பாட்டைப் படிப்படியாகத் தீர்க்கும் ரங்கே-குட்டா முறையைக் கால்குலேட்டர் உதவியோடு இரண்டு படிகள் போட்டுக் காட்டி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். ஆய்வகப் பாடத்திலும் குறை வைக்கவில்லை; முந்தைய ஆண்டு மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்துப் பன்னிரண்டு நிரல்களையும் அழகாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். இறுதிப் பருவத்தில் வழிகாட்டி ஆசிரியர், காற்றுத் தடையுள்ள ஓர் ஊசலின் இயக்கத்தைக் கணினியில் கணக்கிட்டு வரச் சொன்னபோதுதான், எந்த வரியிலிருந்து தொடங்குவது என்றே தெரியாமல் மூன்று நாட்கள் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஏழு மாதம் திக்கித் திணறிக் கற்றேன். அதில் பாதி, தேவையற்ற வழிகளில் போய்த் திரும்பி வந்த காலம்.

இளநிலை மூன்றாம் ஆண்டு அளவுக்கு இயற்பியல் தெரிந்த, ஆனால் நிரல் எழுதிப் பழகாத ஒருவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்க முடிந்தால் ஆறு மாதம் போதும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நிரலில் எழுத்துப்பிழை இருந்தால் கணினி உடனே நின்றுவிடும், இயற்பியலில் பிழை இருந்தால் நிற்காமல் ஒரு விடையைத் தந்துவிடும். அந்த விடையை எப்படிச் சந்தேகிப்பது என்பதற்கே இந்த ஆறு மாதத்தின் பெரும்பகுதி செலவாகும்.

1. கணினியும் செலவும்

இதற்கென்று புதுக் கணினி வாங்காதீர்கள். கீழே நான் சொல்லும் அத்தனை கணக்குகளையும் 8 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டி வட்டும் உள்ள பழைய மடிக்கணினியே செய்துவிடும். என்னுடையது சென்னை ரிச்சி தெருவில் 15,500 ரூபாய்க்கு வாங்கிய பழையது. பழையதை வாங்கும்போது ரசீது கேட்டு வாங்குங்கள். அதில் கணினியின் வரிசை எண் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். திருட்டுப் பொருள் என்று பின்னால் ஒரு பேச்சு எழுந்தால் உங்களிடம் இருக்கும் ஒரே சான்று அதுதான்.

மென்பொருளுக்கு ஒரு ரூபாயும் செலவில்லை. பைத்தான் மொழி, அதனோடு எண்வரிசைகளுக்கு நம்பை, அறிவியல் கணக்குகளுக்கு சைபை, வரைபடத்துக்கு மேட்பிளாட்லிப் ஆகிய மூன்று தொகுப்புகள் என எல்லாமே இலவசம். கணினியே இல்லாதவர்கள் கல்லூரி ஆய்வகத்திலோ நூலகத்திலோ உலாவியைத் திறந்து, அதிலேயே பைத்தான் நிரலை ஓட்டித் தரும் கூகுள் கோலாபில் வேலை செய்யலாம்; கூகுள் கணக்கு ஒன்று இருந்தால் போதும். அங்கே ஒரு பொறி உண்டு. நிரல் எழுதிய ஏடு உங்கள் டிரைவில் தானாகவே சேமிக்கப்படும். ஆனால் நிரல் உருவாக்கிய தரவுக் கோப்புகளைத் தனியாக டிரைவில் சேமிக்காவிட்டால் அமர்வு முடிந்ததும் அவை அழிந்துவிடும். இரவெல்லாம் ஓடிய கணக்கை ஒரு முறை இப்படி இழந்தேன்.

சில கல்லூரிகளில் மேட்லாப் என்ற கட்டணக் கணக்கீட்டு மென்பொருள் இருக்கும். நல்ல கருவிதான் என்றாலும் உரிமம் கல்லூரியுடையது. படிப்பு முடிந்ததும் உங்கள் நிரல்களை ஓட்டிப் பார்க்க வழி இருக்காது. பாடத்திட்டம் கட்டாயப்படுத்தினால் அதே நடையில் எழுதக்கூடிய ஆக்டேவ் இலவசமாகக் கிடைக்கிறது.

2. மொழியில் தேவையானது மட்டும்: இரண்டு வாரம்

நான் செய்த முதல் தவறு, பைத்தான் மொழியை முழுதாகக் கற்ற பிறகு இயற்பியலுக்கு வரலாம் என்று இரண்டு மாதத்தைக் கரைத்தது. உங்களுக்கு வேண்டியவை மாறி, சுழற்சி, நிபந்தனை, சார்பு, எண்வரிசை, வரைபடம், கோப்பில் எழுதுதல் ஆகிய ஏழு மட்டுமே. ஆங்கில விளக்கம் சிரமமாக இருந்தால், ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லினக்ஸ் முதலிய பாடங்களுக்குத் தமிழ் ஒலிப்பதிவுகள் உள்ளன, கட்டணம் இல்லை.

இந்தக் கட்டத்தில் எல்லோரும் தடுக்கி விழும் இடங்கள் மூன்று. முதலாவது, அடுக்குக் குறி. பைத்தானில் 2-இன் 3-ஆம் அடுக்கை 2**3 என்று எழுத வேண்டும்; பழக்கத்தில் 2^3 என்று எழுதினால் பிழைச் செய்தி எதுவும் வராமல் 1 என்ற விடை வரும். இரண்டாவது, கோணம். சைன் சார்பு ரேடியனையே எதிர்பார்க்கும். 30 டிகிரியை அப்படியே கொடுத்தால் 0.5-க்குப் பதிலாக -0.988 கிடைக்கும். மூன்றாவது, ஓர் எண்வரிசையைச் சமக்குறியிட்டு இன்னொரு பெயருக்குக் கொடுத்தால் நகல் உருவாவதில்லை, ஒரே வரிசைக்கு இரண்டு பெயர்கள் ஏற்படுகின்றன. புதியதை மாற்றினால் பழையதும் மாறிவிடும். பின்னாளில் ஃபோர்ட்ரானுக்கோ சி மொழிக்கோ போகிறவர்கள், அங்கே 1/2 என்பதன் மதிப்பு பூச்சியம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். இயக்க ஆற்றலே இல்லாத துகள்களோடு நான் ஒரு வாரம் மல்லுக்கட்டியது இதனால்தான்.

கேட்ட மாத்திரத்தில் நிரல் எழுதித் தரும் உரையாடல் செயலிகள் இப்போது கைபேசியிலேயே கிடைக்கின்றன. முதல் இரண்டு மாதம் அவற்றிடம் பிழைச் செய்திக்குப் பொருள் கேளுங்கள், நிரலைக் கேட்காதீர்கள். ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதியதற்கும் அதற்கும் வேறுபாடு அதிகம் இல்லை.

3. கணினியின் எண்: இரண்டு நாள்

0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி அச்சிடச் சொல்லுங்கள். 0.30000000000000004 என்று வரும். வழக்கமான இரட்டைத் துல்லிய எண்ணில் ஏறத்தாழ 16 தசம இலக்கங்களுக்குத்தான் இடம் உண்டு, 0.1 என்பது இரண்டடிமானத்தில் முடிவற்ற பின்னம் என்பதால் அதை எங்கோ வெட்டியாக வேண்டும்.

இதன் விளைவை நேரில் காண ஒரு பயிற்சி செய்யுங்கள். சைன் சார்பின் வகைக்கெழுவை, அடுத்தடுத்த இரு புள்ளிகளின் வேறுபாட்டை இடைவெளியால் வகுத்துக் கண்டுபிடியுங்கள், இடைவெளியை 0.1, 0.01 என்று 10-இன் -16 அடுக்கு வரை சுருக்கிக்கொண்டே போய்ப் பிழையை மடக்கை அச்சில் வரையுங்கள். இடைவெளி சிறிதாகச் சிறிதாக விடை துல்லியமாகும் என்று வகுப்பில் படித்திருப்போம். ஆனால் 10-இன் -8 அடுக்குக்கு அருகில் பிழை அடிமட்டத்தைத் தொட்டு, அதற்குப் பிறகு ஏறத் தொடங்கும். ஏறத்தாழச் சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது நல்ல இலக்கங்களெல்லாம் போய், வெட்டிய முனைகள் மட்டுமே மிஞ்சுவதுதான் காரணம். அந்த வளைவை ஒரு முறை வரைந்தவருக்குப் ‘படியை இன்னும் சிறிதாக்கினால் சரியாகிவிடும்’ என்ற குருட்டு நம்பிக்கை போய்விடும்.

4. சுருள்வில்லும் ஊசலும்: ஆறு வாரம்

இங்கே அவசரப்படாதீர்கள். இந்தக் கணக்கு ஒழுங்காகக் கைவந்தால், மீதியில் பாதி இதன் மறுபதிப்பாகவே இருக்கும்.

1 கிலோகிராம் நிறையை, மீட்டருக்கு 1 நியூட்டன் மாறிலி உள்ள சுருள்வில்லில் கட்டி, 1 மீட்டர் இழுத்து விடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். விடை நமக்கு முன்பே தெரியும்: கொசைன் வளைவு, அலைவு நேரம் 6.283 வினாடி, ஆற்றல் எப்போதும் 0.5 ஜூல். விடை தெரிந்த கணக்கில் தொடங்குவதன் பயன் சற்று நேரத்தில் விளங்கும். ஆய்லர் முறையில், நேரத்தை 0.01 வினாடிப் படிகளாக நறுக்கி (இதுவே படி நீளம்), ஒவ்வொரு படியிலும் பழைய திசைவேகத்தால் இடத்தையும் பழைய இடத்தால் திசைவேகத்தையும் புதுப்பியுங்கள். வளைவு பார்க்க அழகாகவே இருக்கும். இப்போது ஆற்றலைத் தனியாக வரையுங்கள். ஒவ்வொரு படியிலும் அது பத்தாயிரத்தில் ஒரு பங்கு கூடிக்கொண்டே போய், பத்து அலைவுகள் முடியும்போது 0.937 ஜூலாக நிற்கும். 1 மீட்டர் இழுத்துவிட்ட நிறை 1.37 மீட்டருக்கு ஆடிக்கொண்டிருக்கும். சுருள்வில்லுக்கு யாரும் ஆற்றல் ஊட்டவில்லை, முறைதான் ஊட்டியது.

நான் முதன்முதலில் எழுதிய நிரலில் இந்தக் கோளாறு தெரியவேயில்லை. ஆற்றல் அரை சதவீதத்துக்குள் மேலும் கீழும் ஆடியதே தவிர ஏறவில்லை. ஒரு மாதம் கழித்து அதே நிரலைப் ‘பாடநூலில் உள்ளபடி’ ஒழுங்குபடுத்தியபோது விடை கெட்டுப் போயிற்று. இரண்டு நாள் தேடிய பிறகு காரணம் கிடைத்தது: பழைய நிரலில் இரண்டு வரிகளை இடம் மாற்றி எழுதியிருந்தேன். முதலில் திசைவேகத்தைப் புதுப்பித்து, அந்தப் புதிய திசைவேகத்தாலேயே இடத்தைப் புதுப்பித்திருக்கிறேன். தவறு என்று நான் நினைத்த அந்த வரிசைக்கு ஆய்லர்-குரோமர் முறை என்று பெயரே இருக்கிறது. அலைவு இயக்கத்துக்கு அதுதான் பொருத்தமானது. இரண்டு வரிசைகளையும் நீங்களும் எழுதி, ஆற்றல் வளைவுகளை ஒரே தாளில் வரைந்து பாருங்கள்.

அடுத்து நான்காம் வரிசை ரங்கே-குட்டா: ஒவ்வொரு படியிலும் மாறும் வீதத்தை, அதாவது சாய்வை, நான்கு முறை கணக்கிட்டு எடையிட்ட சராசரி எடுக்கும் முறை. படி நீளத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி 0.1 வினாடி என்று வைத்தாலும், பத்து அலைவுகளில் ஆற்றல் இழப்பு இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான். இதில் ஒரு நுணுக்கமான பொறி உண்டு. இடம், திசைவேகம் என இரண்டு மாறிகள் இருப்பதால், முதல் சாய்வை இரண்டுக்கும் கணக்கிட்டு முடித்த பிறகே இரண்டாம் சாய்வுக்குப் போக வேண்டும். இடத்துக்கு நான்கு சாய்வுகளையும் முடித்துவிட்டுத் திசைவேகத்துக்கு வந்தால் நிரல் ஓடும், வளைவும் சரி போலவே தோன்றும். ஆனால் அது ரங்கே-குட்டா ஆகாது.

இத்தகைய பிழையைப் பிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. அதை எந்த நிரலுக்கும் விட்டுவிடாதீர்கள். படி நீளத்தைப் பாதியாக்கி, ஒரே இறுதி நேரத்தில் இடத்தின் பிழையையும் திசைவேகத்தின் பிழையையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். ஆய்லரில் பிழை பாதியாகவும், ரங்கே-குட்டாவில் பதினாறில் ஒரு பங்காகவும் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் நிரலில் எங்கோ தவறு. ‘ஒரே இறுதி நேரம்’ என்பதை அழுத்திச் சொல்லக் காரணம், 6.283-ஐ 0.01-ஆல் வகுத்தால் முழு எண் வராது. 628 படிகளில் நின்றுவிட்டு அதை ஒரு முழு அலைவு என்று எடுத்துக்கொண்டால், முறையின் பிழையோடு நேரத்தின் பிழையும் கலந்துவிடும். படி நீளத்தை அலைவு நேரத்தின் சரியான பின்னமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு சுருள்வில்லை விட்டு ஊசலுக்கு வாருங்கள். ஈர்ப்பு முடுக்கத்தை 9.8 என்று எடுத்தால், 1 மீட்டர் நீளமுள்ள தனி ஊசலுக்குச் சூத்திரப்படி அலைவு நேரம் 2.007 வினாடி. அதை 60 டிகிரியிலிருந்து விட்டால் உங்கள் நிரல் 2.154 வினாடி என்று சொல்ல வேண்டும். 5 டிகிரியில் சூத்திரத்தோடு ஒட்டியும் 60 டிகிரியில் இந்த எண்ணோடு ஒட்டியும் வந்தால், காற்றுத் தடையைச் சேர்க்க நீங்கள் தயார். தடை சேர்த்த கணக்கைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது: தடை மாறிலியைப் பூச்சியமாக்கினால் பழைய விடை இலக்கம் பிசகாமல் திரும்பி வர வேண்டும்.

5. தொகையீடும் மூலம் காணுதலும்: ஒரு வாரம்

இதை நீட்ட வேண்டியதில்லை. சைன் சார்பைப் பூச்சியத்திலிருந்து பை வரை தொகையிட்டால் விடை 2. பத்துக் கூறுகளில் சரிவக விதி 1.9835 என்றும் சிம்ப்சன் விதி 2.0001 என்றும் தர வேண்டும். மூலம் காண, அதாவது ஒரு சார்பு பூச்சியமாகும் இடத்தைக் காண, இருசமக் கூறிடல், நியூட்டன்-ராப்சன் ஆகிய இரண்டு முறைகளையும் ஒவ்வொரு முறை எழுதிப் பாருங்கள். சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒரு சொல்: இயற்பியல் பாடத்திட்டத்தின் மேல்நிலைப் பகுதியில் மூலம் காணுதல், இடைச்செருகல், சரிவக விதி, சிம்ப்சன் விதி, ரங்கே-குட்டா எல்லாம் இடம்பெற்றுள்ளன. இந்த ஒரு வாரம் அங்கேயும் உதவும்.

6. அலகுகளை மாற்றிக்கொள்ளுதல்

அணு அளவிலான கணக்குகளில் எஸ்ஐ அலகுகளை அப்படியே இடுவது ஆபத்து. குறுக்கிய பிளாங்க் மாறிலி 1.05 பெருக்கல் 10-இன் -34 அடுக்கு. அதன் வர்க்கம் 10-இன் -68 அளவில் இருக்கும். இரட்டைத் துல்லியத்தில் பாதி இடமே எடுக்கும் ஒற்றைத் துல்லிய எண்ணில் அவ்வளவு சிறிய எண்ணுக்கு இடமே இல்லாததால் கணினி அதைப் பூச்சியமாக்கிவிடும். எந்த எச்சரிக்கையும் வராமலும் போகலாம். அந்த மாறிலியையும் எலக்ட்ரானின் நிறையையும் 1 என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டு, முடிவில் அலகை மாற்றுங்கள். கோள்களுக்கு நீளத்தை வானியல் அலகிலும் நேரத்தை ஆண்டிலும் எடுத்தால், ஈர்ப்பு மாறிலியையும் சூரிய நிறையையும் பெருக்கி வரும் எண் 39.48, அதாவது பையின் வர்க்கத்தைப் போல நான்கு மடங்கு. பூமி ஓர் ஆண்டில் ஒரு சுற்று முடிக்கிறதா என்று பார்ப்பதே அதற்குச் சோதனை.

7. வெப்பமும் குவாண்டமும்: இரண்டு மாதம்

பகுதி வகைக்கெழுச் சமன்பாட்டுக்குச் செப்புக் கம்பி நல்ல தொடக்கம். 1 மீட்டர் நீளக் கம்பியை 1 சென்டிமீட்டர் துண்டுகளாகப் பிரித்து, ஒரு முனையை 100 டிகிரியிலும் மறு முனையைப் பூச்சியத்திலும் வைத்து, நேரத்தில் படிப்படியாக முன்னேறுங்கள். செம்பின் வெப்பப் பரவல் எண் வினாடிக்கு ஏறத்தாழ 1.1 சதுர சென்டிமீட்டர். இதை நேரப் படியால் பெருக்கித் துண்டு நீளத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண் அரையைத் தாண்டக் கூடாது. ஆகவே நேரப் படி 0.45 வினாடிக்குள் இருக்க வேண்டும். விதி தெரியாத நான் கணக்குக்கு வசதியாக இருக்கட்டும் என்று அரை வினாடி வைத்தேன். முதலில் அடுத்தடுத்த புள்ளிகள் ரம்பப் பல் போல மேலும் கீழும் ஆடின. இருநூறு படிகள் முடிவதற்குள் கம்பியின் வெப்பநிலை சூரியனின் மையத்தைத் தாண்டிவிட்டது. ரம்பப் பல்லைக் கண்டால் உடனே நேரப் படியைப் பாருங்கள்.

இந்த விதிக்கு ஒரு விலை உண்டு. துண்டை 1 மில்லிமீட்டராகக் குறைத்தால் நேரப் படி நூறில் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும். புள்ளிகளும் பத்து மடங்காகின்றன. ஆக வேலை ஆயிரம் மடங்கு. அங்கே வந்து நிற்கும்போது, நேரப் படிக்கு இந்த வரம்பு இல்லாத கிராங்க்-நிக்கல்சன் முறையைக் கற்க உங்களுக்கே ஆர்வம் வரும்.

குவாண்டத்துக்கு ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை அணியாக மாற்றும் வழி எளிது. அலகுகளை 1 ஆக்கிய சீரிசை அலையியற்றியை -8 முதல் 8 வரை 0.1 இடைவெளியில் புள்ளிகளாகப் பிரித்து, அணியின் ஐகன் மதிப்புகளை நம்பையிடம் கேளுங்கள். 0.5, 1.5, 2.5 என்று வர வேண்டிய இடத்தில் 0.4997, 1.4984, 2.4959 என்று வரும். மேலே போகப் போகப் பிழை பெருகுவதைக் கவனியுங்கள். உயர் நிலைகளின் அலை, புள்ளிகளின் இடைவெளிக்குள் நெளிந்து ஓடுவதால் அது தவிர்க்க முடியாதது. அணி 161 விடைகளைத் தருகிறது என்பதற்காக 161-ஐயும் நம்பிவிட வேண்டாம். இடைவெளியைப் பாதியாக்கினால் கீழ்நிலைகளின் பிழை கால் பங்காக வேண்டும். எல்லையை -2 முதல் 2 வரை சுருக்கினால் ஆற்றல் கூடுவதையும் ஒரு முறை பாருங்கள். அலையைச் சுவருக்குள் நெருக்கிவிட்டீர்கள் என்று பொருள்.

8. சமவாய்ப்பு எண்கள்: இரண்டு வாரம்

ஒரு சதுரத்துக்குள் சமவாய்ப்பாகப் புள்ளிகளைத் தூவி, எத்தனை வட்டத்துக்குள் விழுகின்றன என்று எண்ணி, மான்டே கார்லோ முறையில் பையின் மதிப்பைக் காண்பது எல்லோரும் செய்வதுதான். 10,000 புள்ளிகளில் விடை ஏறத்தாழ 0.016 அளவு முன்பின்னாக வரும். ஒரு தசம இலக்கம் கூடுதலாக வேண்டுமென்றால் புள்ளிகள் நூறு மடங்கு வேண்டும். சமவாய்ப்பு எண் வரிசையைத் தொடங்கி வைக்கும் எண்ணை, அதாவது விதையை, நிரலிலேயே எழுதி வையுங்கள். இல்லையென்றால் நேற்று வந்த விடையை இன்று உங்களாலேயே திரும்பப் பெற முடியாது.

9. பதிவேடு

தாள் குறிப்பேடு ஒன்றை 60 ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தேதி, நிரலின் பெயர், படி நீளம், தொடக்க மதிப்புகள், எதிர்பார்த்த விடை, வந்த விடை ஆகிய ஆறும் எழுதப்பட வேண்டும். எதிர்பார்த்த விடையை ஓட்டுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். பின்னால் எழுதினால் வந்த விடைக்கு ஏற்றபடி மனம் வளைந்துகொடுக்கும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதியது’, ‘ஃபைனல் உண்மையானது’ என்று கோப்புகளுக்குப் பெயர் வைக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. திட்டப்பணி வாய்மொழித் தேர்வில் ஒரு வரைபடத்தைக் காட்டி, எந்தப் படி நீளத்தில் வரைந்தது என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை.

10. சான்றிதழ் வேண்டுமென்றால்

கற்பதற்குச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் மேற்படிப்பு விண்ணப்பத்தில் காட்ட ஏதேனும் வேண்டும் என்பவர்கள் மத்திய அரசின் ஸ்வயம் இணையத் தளத்தில், ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்த என்பிடெல் திட்டம் நடத்தும் எண்ணியல் முறைப் பாடங்களில் ஒன்றில் சேரலாம். ஜனவரியிலும் ஜூலையிலும் பாடங்கள் தொடங்கும். பாடத்தில் சேரக் கட்டணம் இல்லை. தேர்வு எழுத மட்டும், நான் கட்டியபோது, 1,000 ரூபாய். 12 வாரப் பாடத்தில் வாராந்திர ஒப்படைப்புகளில் சிறந்த எட்டின் சராசரி 25 மதிப்பெண்ணுக்கும், நேரில் சென்று எழுதும் தேர்வு 75 மதிப்பெண்ணுக்கும் கணக்கிடப்பட்டன; முன்னதில் 10, பின்னதில் 30 எடுத்தால்தான் சான்றிதழ். ஆகவே ஒப்படைப்புகளைக் கடைசி நாள் இரவுக்குத் தள்ளாதீர்கள். தேர்வுப் பதிவுக்குத் தனிக் கடைசித் தேதி உண்டு என்பதையும் மறக்காதீர்கள். பாடத்தில் சேர்ந்ததே தேர்வுக்குப் பதிவு செய்ததாகாது.

படிவம் நிரப்புமுன் புகைப்படம், கையொப்பப் படம், அடையாள அட்டை ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பெயரில்தான் நம்மவர்கள் மாட்டிக்கொள்வார்கள். என் கல்லூரி அட்டையில் முன்னெழுத்து பெயருக்கு முன்னால் இருந்தது. ஆதாரில் அப்பாவின் பெயர் முழுதாகப் பின்னால் இருந்தது. படிவத்தில் நான் முன்னெழுத்தை விட்டே விட்டேன். படிவத்தில் எழுதும் பெயரே சான்றிதழில் அச்சாகும் என்பதால், மூன்றும் ஒரே ஆள்தான் என்று காட்ட நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்க வேண்டியதாயிற்று. பத்திரமும் அலைச்சலுமாகத் தேர்வுக் கட்டணத்தில் பாதி அதற்கே போயிற்று. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் பெயர் எப்படி இருக்கிறதோ, முன்னெழுத்தின் இடம் உட்பட, அப்படியே எழுதுங்கள். தேர்வு நாளில் நுழைவுச் சீட்டை அச்செடுத்தும், படம் உள்ள அசல் அடையாள அட்டையோடும் செல்லுங்கள்.